மாமா எடுக்காத கரகம்

நான் மஞ்சள் காமாலை கண்டு பதுளை ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, பிழைத்து வந்தால் திருவிழாவில் கரகம் எடுப்பதாக மாமா மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டார். மாமா என்றால் அம்மாவின் தம்பி. ஆற்றுத் தண்ணீரால் வந்த வியாதி என்று டாக்டர் சொன்னாராம். எப்படியோ பிழைத்தேன். எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு மேலே இருந்த சின்ன டவுனில் அழுக்குத் தண்ணீரைச் சுத்தம் செய்யும் நிலையம் கட்டி முடிந்ததும், மாமாவுக்கு அங்கே வேலை கிடைத்தது.

தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயத்தில் அதைக் கக்கூஸ் தண்ணி வேலை என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு சொல்வார்கள். மாமா சிரித்துவிட்டு எனக்கு மட்டும் விளக்குவார். டவுனின் அழுக்கெல்லாம் குழாய் வழியே வந்து தொட்டிகளில் விழும். கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் அதைத் தின்னும். மோட்டார் ஓயாமல் காற்று ஊதினால்தான் அவை உயிரோடு இருக்கும். பிறகு மண்டி அடியில் தங்க, தெளிந்த தண்ணீர் ஆற்றுக்குப் போகும். எங்கள் மாமா பூச்சி வளர்க்கிறார் என்று பள்ளிக்கூடத்தில் பெருமையடித்தேன். ஒருவரும் மதிக்கவில்லை.

திருவிழா வந்தது. மாமாவின் கையில் காப்புக் கட்டினார்கள். காப்புக் கட்டியவர் திருவிழா முடியும்வரை தோட்டத்து எல்லையைத் தாண்டக் கூடாது. மாமா லீவு போட்டுவிட்டு விரதமிருந்தார். கரகம் எடுக்கிற அன்று காலையில் போன் வந்தது. காற்றில் மரம் சாய்ந்து கரண்ட் போய்விட்டது, மோட்டார் நின்றுவிட்டது, ஜெனரேட்டரும் கிளம்ப மறுக்கிறது. அதைச் சரிசெய்யத் தெரிந்த இன்னொருவர் மொனராகலையில் தன் வீட்டுக்குப் போயிருந்தார். இப்படியே விட்டால் அழுக்கு அப்படியே ஆற்றில் இறங்கிவிடும்.

மாமா சட்டையை மாட்டினார். அம்மா வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

"புள்ளைக்காக நேந்தது தம்பி. நீ எல்லை தாண்டுனா அவளுக்கு ஏதாச்சும் ஆயிரும்."

"அவளுக்கு ஒன்னும் ஆகக்கூடாதுன்னுதான்க்கா போறேன்," என்று சொல்லிவிட்டு மாமா இறங்கி நடந்தார்.

அம்மா அழுதார். எனக்கோ கோபம். என்னைவிட அந்தப் பூச்சிகள் பெரிதாகப் போய்விட்டனவே என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். சாயங்காலம் ஆற்றங்கரையில் தப்பு முழங்க, பூசாரி வேறொருவர் தலையில் கரகத்தை ஏற்றினார். பெண்கள் முழுகி எழுந்து குடங்களில் தண்ணீர் மொண்டார்கள். பிள்ளைகள் நாங்கள் முழங்கால் தண்ணீரில் நின்று ஒருவர்மேல் ஒருவர் வாரியடித்தோம். அந்த ஆட்டத்தில் கோபம்கூட மறந்துவிட்டது.

மறுநாள் மஞ்சள் நீராட்டில் லயமே மஞ்சளாக நின்ற நேரத்தில் மாமா வந்தார். உள்ளே வரவில்லை. எல்லைக் கல்லுக்கு அந்தப் பக்கமே நின்று என்னைக் கூப்பிட்டார். சட்டையெல்லாம் எண்ணெய்க் கறை. கையில் காப்பு அப்படியே இருந்தது. சமாதானம் பேசப் போகிறார் என்று நினைத்து, விறைப்பாகவே போனேன்.

"நேத்து ஆத்துத் தண்ணி எப்படி இருந்துச்சு கண்ணு?"

"எப்பவும் போலத்தான்," என்றேன் வேண்டாவெறுப்பாக.

மாமா என் ஈரத் தலையைத் தடவினார். அவர் கண் கலங்கியிருந்தது, முகமோ சிரித்தது. கரகமும் போய், ஊரிடம் பேச்சும் வாங்கிய மனிதருக்கு அந்த ஒரு பதில் எப்படிப் போதுமாக இருந்தது என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.