பருப்புப் படாத சோறு

இங்கே கனடாவில் யாரும் என் மகளின் தட்டில் கேட்காமல் எதையும் வைப்பதில்லை. பள்ளிச் சாப்பாட்டு மேசையில்கூட அவள் தலையசைக்கும்வரை கரண்டியைத் தூக்கிப் பிடித்தபடி நிற்கிறார்கள். வந்து இத்தனை வருடமாகியும் எனக்கு இது விநோதம்தான். கண்டிக்குப் பக்கத்தில் வத்தேகமவில் நான் வளர்ந்த வீட்டில் வேண்டுமா என்று கேட்பதே மரியாதைக் குறைவு, போட்டுவிட வேண்டும்.

மெர்லினுக்கு ஆறு வயது. ஆட்டிசம். ஒரு உணவு இன்னொன்றைத் தொட்டுவிட்டால் அந்த வேளை அவளுக்குச் சாப்பாடு இல்லை. பிடிவாதமென்றுதான் நானும் முதலில் நினைத்தேன். கலந்த சோறு நாக்கில் பட்டால் அவளுக்கு உண்மையாகவே குமட்டுமென்று விளங்க வெகுகாலம் ஆனது. வீட்டில் யார் ஊட்டுவதென்று போன வருடம் அவளுடைய ஆசிரியை கேட்டார். "நான்தான், ஒவ்வொரு வேளையும்" என்று பெருமையாகச் சொன்னேன். தானாகச் சாப்பிடப் பழக்கவில்லையே என்று அதை அவர் குறையாக எடுத்துக்கொண்டார் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. ஊட்டியது பிழையா, நிறுத்தினால் பிள்ளை பட்டினி கிடக்குமா என்று அன்றிலிருந்து எனக்குள் ஓயாத வழக்கு.

இந்த விடுமுறைக்கு ஊருக்கு, அக்கா வீட்டுக்குப் போனோம். விமானம் ஏறியதிலிருந்து மெர்லின் பிஸ்கட்டைத் தவிர எதையும் தொடவில்லை, கன்னம் ஒட்டிவிட்டது. அன்று மத்தியானம் தட்டில் ஒரு பக்கம் வெறுஞ்சோறும் மறுபக்கம் பப்படமும் வைத்துவிட்டு, தண்ணீர் எடுக்கத் திரும்பினேன். அதற்குள் அக்கா பெரிய அகப்பையால் பருப்பை மொண்டு சோற்றின் மேல் ஊற்றத் தொடங்கிவிட்டாள்.

"ஐயோ, ஊத்தாதக்கா!"

"வெறுஞ்சோத்தயா பிள்ளைக்குப் போடுவ? பாக்குறவங்க என்னாடி சொல்லுவாங்க, பெரியம்மா வீட்டுல கறிக்குப் பஞ்சமா?"

மெர்லினின் கைகள் காதுகளுக்குப் போயின. அலறப்போகிறாள் என்று நான் அவள் உட்கார்ந்திருந்த கதிரையைப் பிடித்துக்கொண்டேன். அவள் அலறவில்லை. இறங்கிப் போய் அடுக்களையிலிருந்து வெறுந்தட்டு ஒன்றை எடுத்துவந்து அக்காவின் முன்னால் நீட்டினாள்.

"பெரியம்மா. தனிச் சோறு."

தமிழில்! வீட்டில் என்னிடம்கூட ஒற்றை ஆங்கிலச் சொல்லுக்கு மேல் பேசாத பிள்ளை.

அக்கா என்னை ஒரு முறை முறைத்தாள். பிறகு மெர்லினைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். "என்னாடி, சோத்துக்கும் பருப்புக்கும் சண்டையா?"

"சண்டை இல்ல. தள்ளி இருக்கு."

அக்கா சோறு போட்டாள். பழக்கதோஷத்தில் அகப்பை மறுபடி எழுந்து, பாதி வழியில் நின்றது. "ஊத்தவா, மகாராணி?" மெர்லின் தலையை ஆட்டி மறுத்தாள். அகப்பை சட்டிக்குத் திரும்பியது. எங்கள் வீட்டில் நான் பார்த்திராத காட்சி அது. மெர்லின் தன் விரல்களாலேயே அள்ளிச் சாப்பிட்டாள். முடித்துவிட்டு மறுபடியும் தட்டை நீட்டினாள். நான் ஊட்டவில்லை. தெருவில் இறங்கி எல்லாரிடமும் சொல்லவேண்டும் போலிருந்தது.

இப்போது இங்கே அவள் பருப்பும் சாப்பிடுகிறாள், தனிக் கிண்ணத்தில், கரண்டியால். வீடியோவில் அக்காவிடம் முதலில் தட்டைக் காட்டுவாள், பிறகு கிண்ணத்தை. இரண்டையும் தள்ளித் தள்ளி வைத்து, இரண்டையும் மிச்சமில்லாமல் முடிக்கிறாள். பக்கத்தில் உட்கார்ந்து நான் என் சோற்றைப் பிசைகிறேன். என் தட்டில் எது எங்கே முடிகிறதென்று எனக்குத் தெரிவதில்லை.