பாடம் எங்கே நிற்கிறது

1. முதல் வகுப்பு

பிரெஞ்சுக்காரர் காலத்து வியட்நாமில், சைகோனில் நான் முதன்முதலாக நடத்திய வகுப்பில் மாணவர்கள் என்னை ஒரு வாரம் நன்றாக ஏமாற்றினார்கள். பூகோள ஆசிரியர் காய்ச்சலில் படுத்திருந்தார். அவருக்குப் பதிலாக என்னை அனுப்பியிருந்தார்கள். பாடம் எதுவரை வந்திருக்கிறது என்று கேட்டேன். முன்வரிசையில் கண்ணாடி போட்ட, பார்த்தாலே நம்பத் தோன்றும் ஒரு மாணவன் எழுந்து, "இன்னும் ஆரம்பிக்கவே இல்ல, முசே" என்றான். முசே என்றால் பிரெஞ்சில் ஐயா. வகுப்பு முழுவதும் தலையாட்டியது.

நான் முதல் பாடத்திலிருந்து தொடங்கினேன். மேக்கோங் நதியைத் திபெத்து மலையிலிருந்து இழுத்துக்கொண்டு வந்து, ஒவ்வொரு ஊராகக் காட்டி, வார முடிவில் கடலில் கொண்டுபோய்ச் சேர்த்தேன். பிள்ளைகள் அவ்வளவு அடக்கமாக எழுதினார்கள். பூகோள ஆசிரியர் திரும்பி வந்து நோட்டைப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: "இந்த நதிய நான் பெரிய லீவுக்கு முன்னாடியே கடல்ல விட்டுட்டேன், முசே கனி."

ஆசிரியர் அறையில் எல்லோரும் சிரித்தார்கள். புதுச்சேரிக்காரர் ஞானம் அண்ணன் மட்டும், "அவரு வூட்டுக்குப் போயி கேக்கலையா தம்பி?" என்றார். என்னைப் போல அவரும் சுப்ளெயான்தான். பிரெஞ்சுப் பள்ளிகளில் பதிலி ஆசிரியருக்கு அதுதான் பெயர். வீட்டுக்குப் போய்க் கேட்கும் வழக்கம் ஒன்று உண்டு என்பது என்னைத் தவிர அங்கே எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

நம் ஊர்ப் பள்ளிகளில் இப்போது தற்காலிகமாக வேலை பார்க்கும் இளைய ஆசிரியர்கள் என் பழைய கதையை எழுதித் தரச் சொன்னார்கள். கதை எல்லாம் இந்த வழக்கத்தைச் சுற்றித்தான். பேச்சு பெரும்பாலும் பிரெஞ்சில் நடந்தது. நமக்குப் புரிகிற மாதிரி எழுதுகிறேன். பள்ளியின் பெயர் வேண்டாம்.

2. ஆரஞ்சுப் பழம்

சுப்ளெயானுக்கு வேலை வரவேண்டுமானால் இன்னொருவருக்குச் சங்கடம் வரவேண்டும். யாருக்காவது காய்ச்சல் வரவேண்டும், பிரசவம் ஆகவேண்டும், ஊரில் தகப்பனார் இறந்துபோக வேண்டும். அவர் திரும்பி வந்த அன்றே நாம் வெளியே. லீவு விட்டால் வேலையும் நின்றுவிடும். பள்ளி திறந்தால் புது ஆள் மாதிரி மறுபடி வாசலில் நிற்க வேண்டும். ஆசிரியர் அறைச் சுவரில் கோட்டு மாட்ட ஆளுக்கு ஒரு ஆணி இருந்தது. எங்களுக்குக் கிடையாது. யார் வரவில்லையோ அவருடைய ஆணியில் மாட்டிக்கொள்வோம். ஆசிரியர்களுக்கு ஒரு சங்கம் இருந்தது. அதில் சேர நிரந்தர வேலை இருக்க வேண்டும். கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும் என்ற கதைதான்.

வழக்கம் இது. வகுப்பை ஏற்கும் முன் வராத ஆசிரியரின் வீட்டுக்குப் போக வேண்டும். பெந்தான் சந்தையில் கொஞ்சம் ஆரஞ்சு வாங்கிக்கொள்ள வேண்டும். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று உடம்பு எப்படி என்று விசாரித்துவிட்டு, "பாடம் எங்க நிக்குது?" என்று கேட்க வேண்டும். சட்டத்தில் எங்கும் எழுதவில்லை. ஆனாலும் கேட்காமல் போகிறவனை வகுப்பைத் திருடப் போகிறவன் என்றுதான் நினைப்பார்கள். எங்களுக்கும் இதில் ஒரு லாபம் இருந்தது. ஆளை நேரில் பார்த்தால் வேலை எத்தனை நாளைக்கு ஓடும் என்று கணக்குப் போட்டுவிடலாம். சீக்கிரம் குணமாகட்டும் என்று வாய் சொல்லும். அவசரமில்லை என்று வயிறு சொல்லும்.

கணக்கு ஆசிரியர் லோக்கை அப்படித்தான் பழகினேன். அவர் வியட்நாமியர், சங்கத்தின் செயலாளர், வீடு சைகோனை ஒட்டிய சோலோனில். ஒரு முறை அந்தப் பக்கம் இரண்டு படைகள் தெருவிலேயே சுட்டுக்கொண்டன. பாலத்தை அடைத்துவிட்டதால் அவரால் பள்ளிக்கு வர முடியவில்லை. பாலத்தைச் சிறிது நேரம் மட்டும் திறந்துவிட்டபோது நான் சிக்லோ வண்டி பிடித்துப் போனேன். கதவிடுக்கில் என்னையும் பழப்பையையும் பார்த்துவிட்டு அவர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

"குண்டு விழுற நேரத்துல பாடம் கேக்க வந்தீங்களா?"

"கேக்காம போனா உங்க பிள்ளைங்க என்னைக் கடல்ல விட்டுடுவாங்க, முசே."

லோக்கிடம் ஒரு விநோதப் பழக்கம் இருந்தது. மணியடிக்கும்போது எப்போதும் ஒரு கணக்கின் நடுவில்தான் நிறுத்துவார். "முடிச்சுட்டா வாசல்லயே மறந்துடுவாங்க. பாதியில விட்டா வீடு வரைக்கும் அரிச்சுக்கிட்டே இருக்கும்" என்பார். அன்றைக்கும் எந்தக் கணக்கு, எந்த வரி என்று சொல்லி அனுப்பினார்.

3. திரெக்தேர் கூப்பிட்டார்

அடுத்த வருஷம் பிரெஞ்சுக்காரர்கள் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள். கத்தினா தெருவில் பியானோவும் சாய்வு நாற்காலியும் விலைக்கு வந்தன. எங்கள் பள்ளியையும் புது வியட்நாம் அரசாங்கத்திடம் ஒப்படைக்கப் போவதாகப் பேச்சு. பிரான்சிலிருந்து வந்த ஆசிரியர்களுக்குக் கப்பலும் அங்கே போனதும் வேலையும் உறுதி. உள்ளூர் ஆசிரியர்களுக்கு ஓர் உறுதியும் இல்லை. ஒப்படைத்த பிறகும் எங்கள் வேலை தொடரும் என்று எழுதிக் கொடுங்கள் என்று சங்கம் கேட்டது. கிடைக்கவில்லை. வேலைநிறுத்தம் என்று அறிவித்தார்கள். அந்தக் கோரிக்கையில் சுப்ளெயான் என்ற சொல்லே கிடையாது.

அதற்கு முந்தின நாள் சாயங்காலம் திரெக்தேர், அதாவது எங்கள் தலைமை ஆசிரியர், என்னைத் தனியாகக் கூப்பிட்டார். மரியாதையாக உட்காரச் சொன்னார். அதுவே புதிது.

"நாளைக்கு முசே லோக் வரமாட்டார். வகுப்பு இருக்கு, ஆசிரியர் இல்ல. இது உங்க வேலைதானே?"

அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அதுதான் என் வேலை.

"பூகோள ஆசிரியர் கப்பல் ஏறிட்டார். அந்த இடம் காலியா கிடக்கு. நாளைக்கு யார் முதல்ல வகுப்புக்குள்ள போறாங்களோ, அந்த நிரந்தர இடம் அவங்களுக்கு" என்றார்.

எனக்கு அப்போது கல்யாணமாகி ஒரு வருஷம். மாமுவின், அதாவது என் மாமாவின், ஜவுளிக்கடைக்கு மேலே ஓர் அறையில் குடியிருந்தோம். நான் எப்போது வாத்தியார் வேஷத்தைக் கலைத்துவிட்டுக் கடையில் மீட்டர் கோலைப் பிடிப்பேன் என்று மாமு காத்திருந்தார். பள்ளி கைமாறும்போது நிரந்தர வேலை இல்லாவிட்டால் அதுதான் கதி. எனக்குத் துணி அளக்கப் பிடிக்காது. காரைக்காலிலிருந்து கப்பல் ஏறியதே அதிலிருந்து தப்பிக்கத்தான்.

மனைவி ஜைனம்புவிடம் சொன்னேன். அவள் பிள்ளைத்தாச்சி.

"அவங்களுக்குச் சங்கம் இருக்கு. நமக்கு யாரு இருக்கா?" என்றாள். பிறகு, "போங்க. ஆனா திரும்பி வந்து எம் மொகத்தப் பாத்துப் பேசுற மாதிரி போங்க" என்றாள்.

இப்படிச் சொன்னால் மனிதன் போவதா, நிற்பதா?

4. எதிர்க்கடை

காலையில் பள்ளிக்கு எதிரே இருந்த, ஃபோ என்ற நூடுல்ஸ் சூப்பு விற்கும் கடையில் வேலைநிறுத்தக்காரர்கள் எல்லோரும் சூப்புக் கிண்ணங்களுடன் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே முற்றத்தில் பிள்ளைகள் கூச்சல் போட்டார்கள். திரெக்தேர் படிமேல் நின்றிருந்தார். சுப்ளெயான்கள் எல்லோரும் வந்துவிட்டோம். எல்லோரிடமும் அவர் அதே இடத்தைத்தான் தருவதாகச் சொல்லியிருந்தார் என்பது அங்கே வந்த பிறகுதான் தெரிந்தது.

ஞானம் அண்ணன் ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போடும் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். "அஞ்சு புள்ளைங்க தம்பி எனக்கு" என்றார், நான் ஒன்றும் கேட்காமலேயே.

"தெரியும்ண்ணே" என்றேன்.

நான் உள்ளே போகத்தான் வந்தேன். ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை. வாசலில் ஒரு அம்மாள் காவடிக் கூடையில் ஆரஞ்சு வைத்து விற்றுக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்ததும்தான் லோக்கிடம் நான் இன்னும் கேட்கவில்லை என்பது உறைத்தது. எனக்கு வீரம் ஒன்றும் வரவில்லை, பழக்கம்தான் வந்தது. பழம் வாங்கினேன். "கேட்டுட்டு வந்துடறேன், முசே" என்று திரெக்தேரிடம் சொல்லிவிட்டுத் தெருவைத் தாண்டினேன்.

கடைக்குள் நுழைந்தேன். பையை லோக்கின் மேசையில் வைத்தேன்.

"முசே லோக், பாடம் எங்க நிக்குது?"

யாரோ சிரித்தார்கள். யாரோ கெட்ட வார்த்தை சொன்னார்கள். லோக் சாப்பிடும் குச்சிகளைக் கிண்ணத்தின்மேல் வைத்தார்.

"என் வகுப்புக்குப் போகவா கேக்குறீங்க?"

"ஆமா. கேக்காம போனதில்லையே."

"நாங்க எதுக்கு இங்க உக்காந்திருக்கோம்னு தெரியுமில்ல?"

"உங்க வேலை போகக் கூடாதுன்னு. எங்க வேலையப் பத்தி அதுல ஏதாவது இருக்கா, முசே?"

பக்கத்து மேசையிலிருந்த மூத்த ஆசிரியர் ஒருவர், "நீங்க உறுப்பினர் இல்லையே. விதி இடம் கொடுக்காதே" என்றார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "நீங்க படுத்தா உங்க வகுப்ப நாங்க பாத்துக்கணும். நீங்க எந்திரிச்சு வந்தா ஆணியக் காலி பண்ணிக் கொடுக்கணும். சண்டைன்னு வந்தா மட்டும் நாங்க வெளியாளா? இன்னிக்கு நான் உள்ள போனா துரோகிம்பீங்க. போகலன்னா எனக்கு யாரு?"

லோக் மூத்தவரைப் பார்த்தார். "விதிய எழுதினது நாமதானே" என்றார். பிறகு எழுந்து, சுப்ளெயான்களைச் சங்கத்தில் சேர்ப்பது, காலி இடங்களை யார் அதிக காலம் பதிலியாக உழைத்தார்களோ அவர்களுக்கே முதலில் கொடுக்கக் கேட்பது என்று இரண்டு விஷயம் சொல்லிக் கை தூக்கச் சொன்னார். சூப்புக் கிண்ணங்களுக்கு மேலே கைகள் எழுந்தன. ஒரு சிலர் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களை எண்ணாமலே போதுமான கைகள் இருந்தன.

லோக் உட்கார்ந்து ஒரு பழத்தை உரித்தார். பாதியை என்னிடம் நீட்டினார்.

"பாடம் எங்க நிக்குதுன்னு இன்னிக்குச் சொல்ல மாட்டேன், முசே கனி."

தெருவைத் தாண்டித் திரும்பி வந்தேன். கடையில் நடந்ததை ஞானம் அண்ணனிடம் சொன்னேன். அவர் வகுப்பறைக் கதவையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். திரெக்தேருக்குப் பொறுமை போய்விட்டது.

"முசே ஞானம், நீங்க போங்க உள்ள."

ஞானம் அண்ணன் கோட்டுப் பொத்தானைக் கழற்றினார். "பாடம் எங்க நிக்குதுன்னு தெரியாம எப்படிப் போறது, முசே?"

"பிள்ளைங்களக் கேளுங்க."

"புள்ளைங்க பொய் சொல்லும் முசே. இவரு மேக்கோங் நதிய ரெண்டாந்தடவ கடல்ல விட்ட கத உங்களுக்குத் தெரியாதா?"

எங்களில் ஒருவரும் உள்ளே போகவில்லை. பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பினார்கள். அன்று வீட்டில் ஜைனம்பு என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் சோறு போட்டாள்.

5. மீதிக் கணக்கு

சில நாளில் சமரசம் ஏற்பட்டது. சங்கம் கேட்டதில் பாதிதான் கிடைத்தது. ஆனால் எங்கள் இரண்டு விஷயமும் அந்தப் பாதிக்குள் இருந்தன. காலி இடம் ஞானம் அண்ணனுக்குப் போனது. எங்களில் அதிக காலம் உழைத்தவர் அவர்தான். எனக்கு அவர்மேல் பொறாமையாக இருந்தது. நியாயம் என்று தெரிந்தும் இருந்தது. அடுத்த முறை நான்.

அந்த அடுத்த முறை சீக்கிரம் வரவில்லை. திரெக்தேர் என்னைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார். மழைக்காலத்தில் பாதி ஆசிரியர்கள் காய்ச்சலில் விழுந்தபோதும் ஆள் வரவில்லை. நான் சங்க உறுப்பினன், வேலைதான் இல்லை. மாமுவின் கடையில் கோலைப் பிடித்துச் சட்டைத்துணி அளந்தேன். "சங்கம் எத்தன மீட்டர் குடுத்துச்சு மாப்புள?" என்று மாமு கேட்பார். நல்ல மனுஷர்தான், நாக்கு அப்படி.

பள்ளி கைமாறியது. திரெக்தேரும் கப்பல் ஏறினார். புதிதாக வந்தவர் வியட்நாமியர். ஒரு காலை அவர் ஆள் அனுப்பினார். லோக் இரண்டு நாளாக வரவில்லை, வகுப்பு சும்மா கிடக்கிறது என்றார்.

வழக்கம்போல ஆரஞ்சு வாங்கிக்கொண்டு சோலோனுக்குப் போனேன். கதவில் பூட்டுத் தொங்கியது. எதிர்வீட்டுப் பெண், நான் வாயைத் திறக்கும் முன்பே, தெரியாது என்று சொல்லிவிட்டு ஜன்னலைச் சாத்திக்கொண்டாள். வடக்கே கம்யூனிஸ்டுகளிடம் போய்விட்டார் என்று பின்னால் சிலர் சொன்னார்கள். போலீஸ்காரர்கள் பிடித்துக்கொண்டு போனார்கள் என்று சிலர் சொன்னார்கள். யார் சொன்னது உண்மை என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பூட்டின் முன்னால் பழப்பையோடு கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு பள்ளிக்குப் போனேன்.

கேட்காமல் ஒரு வகுப்புக்குள் நான் போனது இரண்டே முறை. முதல் நாள் தெரியாமல் போனேன். இரண்டாவது முறை சொல்ல ஆளில்லாமல் போனேன். பிள்ளைகளிடம், நம்பிக்கை ஒன்றும் இல்லாமல்தான் கேட்டேன்: "பாடம் எங்க நிக்குது?"

முன்வரிசையில் ஒருவன் எழுந்து கரும்பலகையைக் காட்டினான். லோக்கின் கையெழுத்தில் ஒரு கணக்கு பாதியில் இருந்தது. இரண்டு நாளாக அதை யாரும் அழிக்கவில்லை. "அந்த வரி வரைக்கும்தான், முசே" என்றான். மற்றவர்கள் தலையாட்டவில்லை, சிரிக்கவில்லை. எல்லோருடைய நோட்டிலும் கணக்கு அந்த வரியோடு நின்றிருந்தது. நான் சாக்பீஸை எடுத்து மீதியைப் போட்டேன். பழங்களைப் பிள்ளைகளுக்கு உரித்துக் கொடுத்தேன்.

அந்த இடம்தான் எனக்கு நிரந்தரமானது. சங்கத்தின் வரிசைப்படி வந்தது, யாரும் தடுக்கவில்லை. லோக்கின் ஆணியும் வந்தது. வெகுநாள் கோட்டை நாற்காலியில்தான் போட்டுக்கொண்டிருந்தேன்.

இளையவர்களுக்கு நான் சொல்ல இருப்பது கொஞ்சம்தான். சங்கத்தில் சேருங்கள். சேர்க்க மாட்டோம் என்றால் பழம் வாங்கிக்கொண்டு போய்க் கேளுங்கள். வேலை நிரந்தரமானாலும் நாம் நிரந்தரம் இல்லை என்பதை மறக்காதீர்கள். அன்றிலிருந்து ஓய்வு பெறும் நாள் வரை, மணியடித்ததும் கரும்பலகையின் மூலையில் பாடம் எங்கே நிற்கிறது என்று எழுதிவிட்டுத்தான் வகுப்பை விட்டு வெளியே வருவேன். அடுத்து வருகிறவர் பூட்டிய வீட்டின் முன்னால் போய் நிற்க வேண்டியதில்லை.