திருநீறு வாங்கும் கை

அம்மா கோயிலுக்குப் போவதை நிறுத்திய பிறகுதான் எனக்குப் பயம் பிடித்தது. கை ஒடிந்த அன்றுகூட நான் அவ்வளவு பயப்படவில்லை. ஐம்பதுகளில் எங்கள் பக்கத்தில் கை ஒடிவது பெரிய சங்கதி இல்லை. மழைக்காலத்தில் மலைக்குப் போனவர்களில் யாராவது ஒருவர் வழுக்கி விழுந்துகொண்டே இருப்பார்.

அப்பாவுக்குப் போடியில் ஏலக்காய்க் கடை. குரங்கணிக்கு மேலே கொஞ்சம் தோட்டமும் இருந்தது. கார்த்திகை மாதம், காயெடுப்பு மும்முரமாக நடந்த சமயம், அம்மா தோட்டத்து ஸ்டோருக்குப் போனாள். ஸ்டோர் என்றால் பச்சைக் காயைப் பரப்பி, விறகெரித்து, அந்த அனலிலேயே உலர்த்தி எடுக்கும் அறை. அதன் ஈரப்படியில் வழுக்கி, வலது கையை ஊன்றி விழுந்தாள். சிலமலை வைத்தியர் முட்டையும் உளுந்துமாவும் குழைத்துப் பூசி, மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். "மார்கழி பொறக்குறதுக்குள்ள கூட்டிட்டு வாங்க, அவுத்துருவோம்" என்று அவர் தெளிவாகத்தான் சொல்லியனுப்பினார்.

அப்பா கூட்டிப் போகவில்லை. அவருக்கு உலகத்தில் எல்லாமே ஏலக்காய்தான். "ஸ்டோர்ல இருந்து பாதியில எடுத்த காயி பூசணம் பிடிச்சுப்போகும். எலும்பும் அப்படித்தான். நல்லா இறுகட்டும்" என்றார். கடைக்கு வந்த வியாபாரிகள் எல்லாரும் தலையாட்டினார்கள். வீட்டுக்குள் எனக்கும் அது சரியென்றே பட்டது. பிறகு மார்கழி பிறந்துவிட்டது. மார்கழியில் எதற்கு அவிழ்க்க வேண்டும், தை பிறக்கட்டும் என்றார்கள். தை பிறந்து கட்டை அவிழ்த்தபோது எலும்பு கூடியிருந்தது. கை மட்டும் அம்மாவுடையதாக இல்லை. விரல்கள் வீங்கி மினுமினுவென்று இருந்தன. மணிக்கட்டு அசையவில்லை. உள்ளங்கை தரையைப் பார்த்தபடியே நின்றுவிட்டது.

சொளகு பிடித்துக் காய் புடைக்க முடியவில்லை என்பதை அம்மா சிரித்துக்கொண்டே சொன்னாள். இடது கையில் கரண்டி வைத்துச் சாப்பிடப் பழகிக்கொண்டாள். ஆனால் முருகன் கோயிலில் திருநீறு வாங்க உள்ளங்கை மேலே பார்க்க வேண்டுமே. இடது கையை எப்படி நீட்டுவது? ஒரு வெள்ளிக்கிழமை பூசாரி தட்டை நீட்டிக்கொண்டு நிற்க, அம்மா வெறுமனே கும்பிட்டுவிட்டு நகர்ந்தாள். கும்பிடக்கூட இரண்டு கையும் சேரவில்லை. அதன்பிறகு வெள்ளிக்கிழமைதோறும் அவளுக்குத் தலைவலி வந்தது.

நான் மதுரையில் இன்டர்மீடியட் முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். மேலே படிக்க வேண்டும் என்று அரித்துக்கொண்டிருந்தேன். அப்பா ஒரே வார்த்தையில் முடித்தார். "அம்மா கை சரியாகட்டும் ஆத்தா. அப்புறம் எங்க வேணாலும் போ." மூத்தவள் நான்தான். எனக்குப் பின்னால் இரண்டு தம்பிகள். சமையலும் கடை ஆட்களுக்குக் காப்பியும் என் தலையில் விழுந்திருந்தன. அம்மாவின் மணிக்கட்டு திரும்பாவிட்டால் நானும் அந்த வீட்டை விட்டு நகர முடியாது. இதை நினைக்க எனக்கே வெட்கமாக இருந்தது. ஆனாலும் நினைத்துக்கொண்டேதான் இருந்தேன்.

மாசியில் மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு அம்மாவை அழைத்துப்போனோம். டாக்டர் பார்த்துவிட்டு, பக்கத்து அறையில் இருந்த ஒரு பெண்ணிடம் அனுப்பினார். என்னைவிடக் கொஞ்சம்தான் மூத்தவள். ஊசி இல்லை, மருந்து இல்லை. கையை வெந்நீரில் வைத்திருந்து துடைத்தாள். ஒரு துண்டை மடித்து அம்மாவின் முழங்கைக்கும் விலாவுக்கும் நடுவில் செருகினாள். பிறகு மணிக்கட்டைப் பிடித்து, மெல்ல, கதவுக் குமிழைத் திருப்புவதுபோல் திருப்பினாள். துண்டு எதற்கு என்று கேட்டேன். "அது விழக்கூடாது. விழுந்தா, கை திரும்பலேன்னு அர்த்தம். முழங்கையைத் தூக்கித் தோள் ஏமாத்தும். பாக்கிறவங்களுக்குத் திரும்பின மாதிரியே இருக்கும்" என்றாள். இதற்கென்றே பம்பாயில் படிப்பு இருப்பதையும், அதற்குப் பிசியோதெரபி என்று பெயர் என்பதையும் அவள்தான் சொன்னாள். தினமும் மதுரைக்கு வர முடியாது என்றதும், "அப்போ நீயே செய்" என்று என் கையில் அம்மாவின் கையைக் கொடுத்தாள்.

சாயங்காலமானால் இதுதான் வேலை. வெந்நீர், துண்டு, திருப்பல். அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்ப்பாள். எவ்வளவு அழுத்தலாம், எங்கே நிறுத்த வேண்டும், எதுவும் எனக்குத் தெரியாது. கேட்க ஆளும் இல்லை. வலி வந்தால் நல்லதா கெட்டதா? இன்று வீங்கியிருப்பது நேற்றைய அழுத்தலாலா? இரவில் படுத்தால் என் விரல்களில் அந்த எலும்பே இருந்தது. சொந்தக்காரர்கள் வந்து சிரித்தார்கள். "கைகால் உருவிவிடுறதுக்கா மாப்ளே இம்புட்டுப் படிக்க வச்சே?" என்று மாமா அப்பாவிடம் கேட்டார்.

ஒருநாள் திருப்பும்போது அம்மாவின் கைக்குள் 'கடக்'கென்று ஒரு சத்தம். அம்மா அலறினாள். நான் கையை விட்டுவிட்டேன். கடையிலிருந்து ஓடிவந்த அப்பா, "ஒடிச்சுட்டியா? கூடின எலும்ப ஒடிச்சுட்டியா?" என்றார். இனி யாரும் அந்தக் கையைத் தொடக்கூடாது என்றார். எனக்கு எங்கிருந்து அந்தக் கோபம் வந்ததோ. "ஸ்டோர்ல அளவுக்கு மேல போட்டு வச்ச காயி என்னாகும்ப்பா? கருகி வெடிச்சுப்போகும்ல? அம்மா கைய அப்படித்தான் போட்டு வச்சோம்" என்றேன். அப்பா அம்மாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அடுப்பிலிருந்து வெந்நீர்ச் சட்டியை அவரே தூக்கிக்கொண்டுவந்து வைத்தார். எலும்பு ஒடியவில்லை. விரல்கள் எப்போதும்போல் மடங்கின. ஆனால் அந்தச் சத்தம் என்ன என்று எனக்குத் தெரியாது. தெரியாமலேதான் மறுநாளும் அந்தக் கையைப் பிடித்தேன்.

வைகாசி முடியும்போது அம்மா தோசை திருப்பினாள், முறுக்கிப் பிழியாமல் துணி அலசினாள். உள்ளங்கை பாதி திரும்பியது. அதற்குமேல் திரும்பவில்லை. துண்டு விழாமல் பாதிதான். அந்தப் படிப்புக்கு நான் எழுதிப்போட்டிருந்ததற்கு, ஆனியில் பம்பாயிலிருந்து நேரில் வரச்சொல்லித் தபால் வந்தது. அப்பா அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அம்மாவின் கையைப் பார்த்தார். நானும் அதைத்தான் பார்த்தேன்.

"வெரசாக் கிளம்புங்க, கோயிலுக்குப் போவோம்" என்றாள் அம்மா. அன்று வெள்ளிக்கிழமை. சன்னிதியில் அப்பா ஒருபக்கம், நான் ஒருபக்கம், நடுவில் அம்மா. பூசாரி தட்டோடு வந்தார். அம்மா வலது கையை நீட்டினாள். உள்ளங்கை மேலே பார்த்தது. பூசாரி திருநீறு போட்டார். அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "ஆயிருச்சு பாத்தியா. முருகா" என்றார்.

நான் அம்மாவின் முழங்கையைப் பார்த்தேன். அது விலாவை விட்டு வெகுதூரம் விலகி மேலே போயிருந்தது. தோளைத் தூக்கி, உடம்பையே ஒருபக்கமாகச் சாய்த்து நின்றிருந்தாள். மணிக்கட்டு பாதியிலேயேதான் நின்றது. திருநீறு ஓரமாக வழிந்து தரையில் கொட்டிக்கொண்டிருந்தது. அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. "எனக்குச் சரியாப் போச்சு. இவள ரயிலேத்தி விடுங்க" என்று அப்பாவிடம் சொன்னாள்.

நான் வாயைத் திறக்கவில்லை. போக வேண்டும் என்ற ஆசை அவ்வளவு இருந்தது. பம்பாய் போய்ச் சேரும்வரை எனக்குத் தூக்கமில்லை. ஏன் சேர வந்தாய் என்று கேட்டால் சொல்வதற்கு இங்கிலீஷில் ஒரு பதில் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். நோயாளிகளுக்குச் சேவை செய்ய விரும்புகிறேன் என்று ஆரம்பிக்கும்.

கேள்வி கேட்க மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மாள் அதைத்தான் முதலில் கேட்டார். எதற்காக இந்தப் படிப்பு? மனப்பாடம் செய்ததை விட்டுவிட்டேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், "என் அம்மாவுடைய கை இன்னும் சரியாகவில்லை" என்றேன்.

அப்பா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவருக்குக் கேட்டிருக்காது.