முறுக்கு வாங்கப் போன அம்மா

என் மகள் பிலோமி சாகக் கிடந்தாள். அதற்குக் காரணம் நோய் இல்லை, நான்தான். விசுவாசிகளே, இதை மறைத்துவிட்டு மாதா செய்த உதவியை மட்டும் சொன்னால் அது பாதிச் சாட்சி.

ஜெர்மன்காரனோடு பெரிய சண்டை மூளுவதற்கு முந்தின சித்திரை. அவளுக்கு எட்டு வயது. புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்கப்போகும் கிராமத்துப் பிள்ளைகளைத் தேனிப் பக்கத்தில் ஒரு கன்னியர் மடத்தில் இருபத்தைந்து நாள் தங்கவைத்து ஜெப மந்திரம் படிப்பிப்பார்கள். மார்க்கையன்கோட்டையிலிருந்து நடத்திக் கூட்டிப்போனேன். மடத்து வாசலில் என் சேலையைப் பிடித்தவள் விடவில்லை.

"செத்த நேரம் இரு ஆத்தா. முறுக்கு வாங்கிட்டு வாரேன்" என்று சொல்லித் தப்பி வந்துவிட்டேன். எல்லாத் தாய்மாரும் செய்கிறதுதானே என்று நினைத்தேன்.

இரண்டாம் ஞாயிறு, உபதேசியார் எங்கள் ஊருக்கு ஜெபம் நடத்த வந்தார்.

"ஒம் மக புண்ணியவதி தாயி. சோத்தத் தொடாம ஒருசந்தி இருக்கா. வாசலப் பாத்து உக்காந்து ஒரே தியானம். கன்னியம்மாக எல்லாரும் மெச்சிக்கிறாக!"

எனக்குத் தலைகால் புரியவில்லை. மகள் உபவாசம் இருக்கிறாள் என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். அவள் வாசலை எதற்குப் பார்க்கிறாள் என்று பெற்றவளுக்குத் தோன்றவில்லை. என் வாய் அழுகாமல் போயிற்றே.

செவ்வாய்க்கிழமை, நெல் ஏற்றிப்போன வண்டிக்காரர் சேதி கொண்டுவந்தார். பிள்ளை மயங்கி விழுந்துவிட்டாளாம், கண் திறக்கவில்லையாம்.

அவளுக்கு இளைய பால்குடிப் பிள்ளையைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு ஓடினேன். கையில் ஜெபமாலை உருண்டது, மந்திரம் வாயில் வரவில்லை. "மாதாவே, எனக்குப் புண்ணியவதி வேண்டாம். அவ ஒரு வாய் கஞ்சி குடிக்கட்டும்." வழியெல்லாம் இது ஒன்றுதான்.

பாயில் கிடந்தாள். சத்தம் கேட்டுக் கண் திறந்தவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, கைகளைப் பார்த்தாள்.

"முறுக்கு எங்கம்மா?"

வெறுங்கையோடு நின்றேன். கஞ்சியை நீட்டினேன், சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தெம்பு வந்ததும் வீட்டுக்குப் போகலாம் என்றேன். "பொய்யி" என்றாள்.

அப்போது மடத்துச் சமையல்காரி சூசையம்மாள் வந்து உட்கார்ந்தாள். கையில் புளியங்கொட்டைகள்.

"இங்கன பாரு கண்ணு. ஒங்கம்மா சாயங்காலம் போயிருவா. நாளைக்கு வரமாட்டா, மறுநாளும் வரமாட்டா. இன்னும் பத்து நாளு கெடக்கு. இந்தா, பத்துக் கொட்டை. விடிஞ்சா ஒண்ண எறி. தீந்த அன்னிக்கு வருவா. வரலைன்னா நானே போயி இழுத்துட்டு வாரேன்."

பிலோமி ஒவ்வொன்றாக எண்ணினாள். மறுபடி எண்ணினாள். பிறகு வாயைத் திறந்தாள்.

என் ஜெபம் கேட்கப்பட்டது. ஆனால் என் கையால் அவள் குடிக்கவில்லை. ஊட்டியவள் சூசையம்மாள். நான் கேட்டதை மாதா கொடுத்தாள், என்னை ஒதுக்கிவைத்துக் கொடுத்தாள். அது உறைத்தது, உறைக்கத்தான் வேண்டும்.

சாயங்காலம், "போயிட்டு வாரேன் ஆத்தா, பத்து நாளாகும்" என்று நேருக்கு நேர் சொன்னேன். அழுதாள். அழவிட்டுத்தான் வந்தேன். பத்தாம் நாள் கோவில் மணி அடிக்குமுன் வாசலில் நின்றேன், மடியில் முறுக்கு. வாங்கிக்கொண்டாள். தின்னவில்லை.

பிள்ளையை உயிரோடு கொடுத்த மாதாவுக்கு ஆயுசுக்கும் நன்றி சொல்கிறேன். அதற்குப்பின் குழந்தையிடம் ஒரு பொய்யும் சொன்னதில்லை. நீங்களும் மாதாவை நம்பிக் கேளுங்கள், தருவாள். ஆனால் பிள்ளையை எங்கே விட்டாலும் சொல்லிவிட்டு வாருங்கள்.

பிலோமிக்கு இப்போது கல்யாணமாகிவிட்டது. போன வாரம் பார்க்கப் போயிருந்தேன். சின்னமனூர்ச் சந்தை வரைக்கும் போய்வருகிறேன் என்று எழுந்தேன். அடுப்பிலிருந்து தலை நிமிர்த்திக் கேட்டாள்:

"நெசமாவாம்மா?"