கையுறை வைத்திருந்த மேனேஜர்

வளைகுடாவுக்கு வந்து மங்காஃப் ஃப்ளாட்டுக்குக் குடிபோன புதிதில், குடும்பப் போட்டோ மாட்டுவதற்காகப் பெரிய ஃபிரேம் ஒன்று வாங்கினோம். கடைக்காரர் அதற்குள் மாதிரிக்கு ஒரு படம் வைத்திருந்தார். கறுப்புத் தொப்பி, கறுப்பு அங்கி, வெளுத்த முகம், கையில் ஒரு ஜோடி கையுறை. ஐரோப்பாவில் பல நூறு வருடங்களுக்கு முன்னால் யாரோ வரைந்த ஓவியத்தின் அச்சு. என் கணவருக்கு லீவு கிடைக்காமல் போட்டோ எடுப்பது தள்ளிக்கொண்டே போனது. வெறும் ஃபிரேமை மாட்டுவானேன் என்று அந்த ஆளையே ஹாலில் மாட்டிவிட்டோம்.

கணவரின் கம்பெனியில் ஃபோர்மேனாக இருந்த புதுக்கோட்டை அண்ணன் ஒரு வெள்ளிக்கிழமை மதியம் சாப்பிட வந்தார். வந்தவர் படத்துக்கு முன்னால் நின்றுவிட்டார்.

“யாரு தம்பி இது?”

என் கணவர் அப்போதுதான் மீன்குழம்புச் சட்டியை அடுப்படியிலிருந்து தூக்கி வந்துகொண்டிருந்தார். சட்டி கையைச் சுட்டது.

“பழைய மேனேஜர்ண்ணே,” என்றார், பேச்சை முடிப்பதற்காக.

அண்ணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிட்டே போய்ப் பார்த்தார்.

“அட, நம்ம சாரு! முன்னாடி இருந்த கம்பெனியில இவருகிட்டதானே நான் வேல பாத்தேன். அப்ப மீசை வச்சிருந்தாரு.”

கிண்டல் செய்கிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. சாப்பிட உட்கார்ந்த பிறகும் அதே பேச்சுதான். “சேஃப்டின்னா உசுரு தங்கச்சி இவருக்கு. பாரு, போட்டோவுக்குக்கூட கிளவுஸோட நிக்கிறாரு. நான் காய்ச்சல்ல கெடந்தப்ப கேம்புக்கே கார் எடுத்துட்டு வந்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போன மனுசன். இப்ப எங்க இருக்காரு?”

என் கணவர் என்னைப் பார்த்தார். “இப்ப இல்லண்ணே.”

கம்பெனியில் இல்லை என்று சொல்லித் தப்பிக்கப் பார்த்தாராம். அண்ணன் பிசைந்த சோற்றைத் தட்டிலேயே போட்டுவிட்டு அழ ஆரம்பித்தார். மீன் ஆறிக்கொண்டிருந்தது. நாங்கள் இருவரும் என்ன செய்வதென்று தெரியாமல் எழுந்து நின்றோம்.

அந்த நேரம் பார்த்து எங்கள் மகள் அறையிலிருந்து வந்தாள். “அங்கிள், ஒய் ஆர் யூ க்ரையிங்? இது பெயின்ட்டிங். பின்னாடி லேபிள் இருக்கு.”

ஸ்டூலில் ஏறிப் படத்தைக் கழற்றித் திருப்பிக் காட்டினாள். ‘அடையாளம் தெரியாத மனிதர்’ என்று ஆங்கிலத்தில் அச்சிட்டு ஒட்டியிருந்தது. அண்ணன் எழுத்துக்கூட்டிப் படித்தார். எல்லாம் வெளியாகிவிட்டது என்று எனக்கு மூச்சு வந்தது.

“எத்தன பேருக்கு வேல போட்டுக் குடுத்தவரு,” என்றார் அண்ணன், மூக்கைத் துடைத்துக்கொண்டே. “அடையாளம் தெரியலன்னு எழுதிட்டானுகளே, பாவிங்க. உடம்பு எங்க கெடந்துச்சாம்?”

கிளம்பும்போது படத்தைக் கேட்டார். பழைய பெட்ஷீட்டில் சுற்றிக் கொடுத்தோம். லிஃப்டில் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனார்.

சில வாரம் கழித்து என் கணவர் ஒரு வேலையாக, அண்ணனும் மற்ற தொழிலாளர்களும் தங்கியிருந்த கேம்புக்குப் போய்வந்தார். மெஸ் சுவரில் படம் தொங்குகிறதாம், பிளாஸ்டிக் மாலையோடு. அந்த மேனேஜரிடம் வேலை பார்த்தவர்கள் அங்கே இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்களாம்.

நான் நீட்டிய டீயை வாங்கி ஓரமாக வைத்தார் என் கணவர்.

“சாருக்குக் கடைசி காலத்துல சுகர் ரொம்ப ஏறிடுச்சாம். காலையே எடுக்கணும்னு சொல்லிட்டாங்களாம்.”

“அய்யோ,” என்றேன். எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது.