அந்தப் பக்கம் பிடிக்க ஓர் ஆள்

ஜெபசீலி டீச்சர் முதன்முதலில் என் கடைக்கு வந்தபோது கையில் ஒரு மூங்கில் குச்சி இருந்தது. அவர் இடுப்புக்குக் கொஞ்சம் மேலே வரும். அந்த உயரத்துக்குள் அடங்குகிற மாதிரி துணி துவைக்கும் மிஷின் ஒன்று வேண்டும் என்றார். கரண்டில் ஓடுவது கூடாது, கையால் சுற்றுவதாக இருக்க வேண்டும் என்றும் சொன்னார்.

ஓசூர் கடைத்தெருவில் அப்போது நான் பழைய சாமான் கடை வைத்திருந்தேன். பெங்களூர் தண்டில், அதாவது கன்டோன்மென்டில், வெள்ளைக்காரர்கள் பங்களாவைக் காலி செய்யும்போது ஏலம் போடுவார்கள். நான் போய் நாற்காலி, கடிகாரம், பீங்கான் என்று கிடைத்ததை அள்ளிவருவேன். ஐம்பத்து மூன்று, நான்கு வரைக்கும்கூட அந்த ஏலம் ஓயவில்லை. அதில் துணி துவைக்கும் மிஷின்களும் வரும். நம் ஊரில் அதை யார் வாங்குவார்கள் என்று தொடாமல் வந்துவிடுவேன்.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். எல்லோரும் சாமானை வாங்கிவிட்டு இடம் தேடுவார்கள், நீங்கள் இடத்தை அளந்துகொண்டு சாமான் தேடுகிறீர்களே என்று கிண்டல் செய்தேன். டீச்சர் சிரிக்கவில்லை. வீட்டுக்காரர் சட்டையில் ஃபேக்டரி எண்ணெய்க் கறை, கல்லில் அடித்தால் போக மாட்டேன் என்கிறது என்று மட்டும் சொன்னார்.

அவர் குடியிருந்த இடம் எனக்குத் தெரியும். மத்திகிரி மாட்டுப் பண்ணைக்குப் பக்கத்தில் வரிசையாக நாலு வாடகை வீடு. இரண்டாவதில் என் அக்கா சென்னம்மாள், மூன்றாவதில் டீச்சர். ஒவ்வொன்றுக்கும் ஒரே ஓர் அறை. பின்னால் சாய்ப்பு இறக்கி ஓடு போட்டிருக்கும், அதுதான் குளிக்கிற இடம். வாசல் பக்கம் நிமிர்ந்து நிற்கலாம், சுவர் பக்கம் போகப் போகக் குனிய வேண்டும். நாலு வீட்டுக்கும் பொதுவாக ஒரு கிணறும் ஒரு துவைக்கிற கல்லும் இருந்தன.

டீச்சரின் வீட்டுக்காரர் ஜெபதுரைக்குப் பெங்களூரில் ஃபேக்டரி வேலை. சனிக்கிழமை கடைசி பஸ்ஸில் வந்து, ஞாயிறு முழுக்கத் தூங்கி, இருட்டியதும் கிளம்பிவிடுவார் என்று டீச்சர் சொல்வார். நான் அவரைப் பார்த்ததில்லை. பார்க்க வேண்டும் என்று தோன்றியதும் இல்லை. கிணற்றடிக்கு வர டீச்சருக்குக் கௌரவம் இடிக்கிறது, அதற்குத்தான் மிஷின் என்று நானாக ஒரு கணக்குப் போட்டு, உள்ளுக்குள் எரிச்சல்பட்டேன்.

முதலில் கொண்டுபோன மிஷின் மரத்தொட்டி. மேலே நீளமாக ஒரு பிடி, அதை முன்னும் பின்னும் ஆட்ட வேண்டும். தொட்டி குச்சிக்குள் அடங்கியது. பிடியை நான் அளக்கவே இல்லை. ஒரு தடவை ஆட்டினேன், மேலே இரண்டு ஓடு நொறுங்கி என் தலையிலேயே விழுந்தது. ஓடுகளை மாற்றிக் கொடுத்துவிட்டு மிஷினைத் திரும்ப எடுத்துவந்தேன்.

அதற்கப்புறம் எனக்கே வீம்பு வந்துவிட்டது. ஏலத்துக்குப் போகும்போதெல்லாம் குச்சியையும் கொண்டுபோனேன். மற்ற வியாபாரிகள் என்னை மாடு மேய்க்க வந்தவன் என்று சிரித்தார்கள். நாலு மாதம் கழித்து ஒன்று அகப்பட்டது. குட்டையான தகரத் தொட்டி. பக்கவாட்டில் கைப்பிடி. விளிம்பில் இரண்டு ரப்பர் உருளைகள். ஈரத்துணியை உருளைகளின் நடுவே கொடுத்துச் சுற்றினால் பிழிந்துகொண்டு அந்தப் பக்கம் வரும். குச்சிக்கு நாலு விரல் கீழேயே நின்றது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, டீச்சர் சர்ச்சுக்குப் போய்த் திரும்பிய பிறகு, அதைச் சாய்ப்பில் இறக்கினேன். அச்சில் வார்த்தது போல் உட்கார்ந்தது. ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் தண்ணீர்த் தொட்டி, நடுவில் மிஷின். டீச்சர் முகத்தில் அன்றைக்குத்தான் சிரிப்பைப் பார்த்தேன். துணியைப் போட்டு அலசி, பிழிந்து காட்டலாம் என்று உருளையில் கொடுத்துச் சுற்றினேன். துணி அந்தப் பக்கமாக வந்து தொப்பென்று சேற்றுத் தரையில் விழுந்தது. சுற்றுகிறவன் எட்டிப் பிடிக்க முடியவில்லை. மிஷினைச் சுற்றி நடந்து போக இடமும் இல்லை, தரையோடு ஊர்ந்துதான் போகலாம். இடத்துக்கு அவ்வளவு சரியாகப் பொருந்தியதுதான் வினையாகிவிட்டது.

அந்தப் பக்கம் ஒருவர் முன்கூட்டியே குனிந்து போய் உட்கார்ந்துகொண்டு வாங்க வேண்டும்.

"இதுக்கு ரெண்டு ஆள் வேணும் டீச்சரம்மா. ஐயாவைக் கொஞ்சம் எழுப்புங்க, அந்தப் பக்கம் பிடிக்கட்டும்" என்றேன்.

டீச்சர் அசையவில்லை. "அவர் தூங்குறாருங்க" என்றார்.

பின்கதவு திறந்துதான் கிடந்தது. வீட்டுக்கு இருப்பதே ஓர் அறை. சுருட்டிய பாய் ஒன்று சுவரோரம் நின்றது. ஆணியில் ஒரு குடை தொங்கியது. வேறு யாரும் இல்லை. நான் பார்த்ததை டீச்சர் பார்த்துவிட்டார்.

சரி, நானே பிடிக்கிறேன் என்று சொல்லி ஊர்ந்து அந்தப் பக்கம் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். டீச்சர் சுற்றினார். ஒரு சேலை வந்தது, துண்டு வந்தது, பிறகு ஆண்பிள்ளைச் சட்டை ஒன்று வந்தது. பழைய சாமான்காரனுக்குக் கைதான் கண். அந்தச் சட்டை துவைத்துத் துவைத்தே நைந்திருந்தது. எண்ணெய்க் கறை எங்கேயும் இல்லை. பட்டன் ஓட்டைகள் மட்டும் தையல்காரன் கையிலிருந்து வந்தபடி இறுக்கமாக இருந்தன. யாரும் அதைப் போட்டுப் பட்டன் மாட்டியதே இல்லை. சட்டையை மற்றத் துணியோடு வைத்துவிட்டு ஊர்ந்து வெளியே வந்தேன்.

நேரே அக்கா வீட்டுக்குப் போய்ச் சத்தம் போட்டேன். தெரிந்திருந்தும் ஏன் சொல்லவில்லை என்றேன். ஜெபதுரை டீச்சரை விட்டுப் போய் இரண்டு வருஷம் ஆகிறது, கடுதாசிகூட நின்றுவிட்டது, வரிசையில் எல்லோருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, அவ்வளவுதான் என்றாள் அக்கா. கிணற்றடியில் ஒருத்தியின் மூட்டையைப் பிரித்தாலே வீட்டில் எத்தனை பேர் என்று தெரிந்துபோகும். அதனால்தான் டீச்சர் வாராவாரம் அவர் தைத்துப் போடாமலே விட்டுப்போன இரண்டு சட்டையையும் நனைத்துக் கல்லில் போட்டிருக்கிறார்.

"நான்தான் ஒரு நாள், காலர்ல அழுக்கே இல்லியே டீச்சரம்மான்னு கேட்டுப்புட்டேன்டா. வேணும்னு கேக்கல. அன்னையிலேர்ந்து அந்தம்மா கல்லுப் பக்கமே வரல."

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு அவள்மேல் வந்த கோபம் என்மேலேயே திரும்பியது. அவள் கேட்டது ஒரு கேள்வி. ஐயாவை எழுப்புங்க என்று நான் சொன்னது அதைவிட மோசம்.

அடுத்த ஞாயிறு அக்கா யாரையும் கேட்கவில்லை. டீச்சர் தொட்டியில் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டதும் பின்பக்கமாகப் போய், குனிந்து, சுவரோரம் உட்கார்ந்துகொண்டாள். நீங்கள் சுற்றுங்கள், நான் வாங்கிக்கொள்கிறேன் என்றாளாம். டீச்சர் வேண்டாம் என்று சொல்லவில்லை. சேலை வந்தது. ரவிக்கை வந்தது. சட்டை பாதி வந்ததும் கைப்பிடி நின்றுவிட்டது. பாதி உருளைக்குள், பாதி அக்கா கையில்.

அக்கா இழுக்கவும் இல்லை, விடவும் இல்லை. டீச்சர் கைப்பிடியைப் பிடித்தபடியே, "அவர் வர மாட்டாருக்கா" என்று சொல்லியிருக்கிறார். அழுதுவிட்டு, மீதியையும் சுற்றியிருக்கிறார்.

அதற்குப் பிறகு அந்தக் கொடியில் ஆண்பிள்ளைச் சட்டை காயவில்லை.

எனக்கு மனசு கேட்கவில்லை. ஒரு மாதம் கழித்து, ஒரே ஆள் சுற்றிப் பிழிகிற சின்ன மிஷின் ஒன்று ஏலத்தில் வந்தது. குச்சிக்குள்ளும் அடங்கியது. அதை எடுத்துக்கொண்டு மத்திகிரிக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமைதான். அக்கா சேலத்துக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தாள், வர இரண்டு நாள் ஆகும். டீச்சர் சாய்ப்பு வாசலில் தனியாக உட்கார்ந்திருந்தார். தொட்டியில் அலசிய துணி அப்படியே ஊறிக்கொண்டிருந்தது. எண்ணிப் பார்த்தால் மூன்று உருப்படி. கையால் பிழிந்தால் ஒரு நொடி வேலை.

பழையதை எடுத்துக்கொண்டு இதை வைத்துவிட்டுப் போகிறேன், இதற்கு யாரும் அந்தப் பக்கம் உட்கார வேண்டாம் என்றேன்.

டீச்சர் புது மிஷினைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"வேண்டாங்க. ரெண்டு ஆள் வேணுங்கிறதே இருக்கட்டும். அக்கா வந்துடுவாங்க."