சீட்டு கேட்டது எங்களிடம் மட்டும்

எழுபதுகளின் நடுவில், காலரா பரவிய ஒரு கோடை. சேலத்தில் ஆறு பேர் கொண்ட பேண்டு செட்டில் நான் பெரிய டிரம் அடித்துக்கொண்டிருந்தேன். தேர், திருவிழா எல்லாம் நின்றுபோய் இரண்டு மாதமாக வேலை இல்லை. அப்போதுதான் திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு பெரிய வீட்டுக் கல்யாணத்துக்குக் கூப்பிட்டார்கள். நன்றாக வாசித்தால் அந்த வீட்டின் அடுத்த இரண்டு கல்யாணங்களும் எங்களுக்குத்தான் என்று பேச்சு.

காலையில் சேலம் பஸ் ஸ்டாண்டிலேயே எங்களுக்குக் காலரா ஊசி போட்டு, ஆறு பேர் பெயரையும் ஒரே சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். டிரம் அடிக்கிற கை வலது என்பதால் நான் இடது கையை நீட்டினேன். சீட்டு எங்கள் மாஸ்டரிடம் இருந்தது. பெட்டியிலேயே கிடந்ததில் அவருடைய கிளாரினெட்டின் தக்கை சுருங்கி, மூட்டு ஆடியது. அந்த இடத்தில் காகிதம் சுற்றி இறுக்குவது எங்கள் வழக்கம். மனுஷன் வேறு காகிதம் கிடைக்காமல், பஸ்ஸில் உட்கார்ந்தபடி அந்தச் சீட்டையே சுற்றி வாசித்துப் பார்த்திருக்கிறார்.

ஊர் எல்லையில் சுகாதார ஊழியர் மறித்தார். பக்கத்தில் பெண்வீட்டுப் பெரியவர். மாஸ்டர் கிளாரினெட்டைக் கழற்றி, எச்சிலில் ஊறிய காகிதத்தைப் பிரித்தார். மை கரைந்து ஒரு பெயரும் தெரியவில்லை.

"இதையெல்லாம் சீட்டுன்னு ஒத்துக்க முடியாதுங்க. இன்னொருக்கா போட்டுக்குங்க" என்றார் ஊழியர்.

அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளை வீட்டார் இரண்டு வேனில் வந்து இறங்கினார்கள். ஒருவரிடமும் சீட்டு கேட்கவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அவிங்களுக்கு ஊசி இல்லீங்களா?" என்று கேட்டேன்.

"அவிங்க ஒறம்பரை, நம்ம சொந்தபந்தம். ஊரூராச் சுத்தி நோவைக் கொண்டாரது நீங்கதானப்பா" என்றார் பெரியவர்.

இடது கை ஏற்கெனவே வீங்கியிருந்தது. வலது கையை நீட்டினேன்.

மாப்பிள்ளை அழைப்பு கிளம்பும்போது காய்ச்சல் கொதித்தது. "ஒரு மணி நேரம் தாக்குப்பிடி சாமி" என்று மாஸ்டர் கெஞ்சினார். பல்லைக் கடித்துக்கொண்டு அடித்தேன். பாதித் தெருவில் கோல் கையைவிட்டு நழுவியது. குனிந்து எடுக்க முடியவில்லை.

பெரியவர் ஊர்வலத்தை நிறுத்தினார். "போதும். ரேடியோ செட்டுக்காரனைப் பாட்டுப் போடச் சொல்லுங்க. பாட்டுத் தட்டுக்குக் காய்ச்சலும் வராது, காலராவும் வராது."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அடுத்த இரண்டு கல்யாணத்துக்கும் அந்த ரேடியோ செட்டுதான் போனது.

ஊசியை நான் குறை சொல்லவில்லை. அது உயிர் காக்கிற மருந்து. ஆனால் ஊருக்கே பொதுவான நோயை எங்கள் ஆறு பேர் தலையில் மட்டும் கட்டினார்களே, அது என்ன நியாயம்? இத்தனை வருடம் கழித்தும், ஊசி போடக் கையை நீட்டச் சொன்னால், "எல்லாருக்குமா, எனக்கு மட்டுமா?" என்று கேட்காமல் நான் சட்டைக்கையை மடக்குவதில்லை.